மலைக்குப்பையை முதுகில் இறக்க எந்தப் பை?

துப்புரவுக்கு மலையேறுகிறவர்கள் கையுறை வாங்குகிறார்கள், இடுக்கி வாங்குகிறார்கள், குழுவின் பெயர் போட்ட தொப்பி கூட வாங்குகிறார்கள். பொறுக்கியதை எப்படிக் கீழே கொண்டுவருவது என்பதை மட்டும் மேலே போய்ச் சேர்ந்த பிறகுதான் யோசிக்கிறார்கள். அப்போது கையில் இருப்பது ஒரு யூரியா சாக்கு, இல்லாவிட்டால் பிள்ளையின் பழைய பள்ளிப் பை. சாக்கைத் தோளில் போட்டால் ஒரு கை அதற்கே போய்விடும். செங்குத்து இறக்கத்தில் பாறையைப் பிடிக்க மிச்சம் ஒரு கைதான். உள்ளே இருக்கும் உடைந்த பாட்டில் சாக்கின் இழையை அறுத்துக்கொண்டு முதுகில் ஏறும். பள்ளிப் பையில் ஏழெட்டுக் கிலோ ஏற்றினால் தோள்வார் தைத்த இடத்தில் பிய்ந்துகொண்டு வரும். தலையில் சும்மாடு வைத்துத் தூக்கலாமே என்றால், உண்ணிச்செடி கவிந்து கிடக்கும் பாதையில் தலைச்சுமை பத்து அடிக்கு ஒரு முறை கிளையில் மாட்டும். கீழே கால் வைக்கும் இடமும் தெரியாது.

இங்கே சொல்வது தேனி, இடுக்கி மாவட்ட எல்லைப் பாதைகளை மனதில் வைத்து. லோயர் கேம்ப் பக்கம் பளியன்குடியிலிருந்து மங்கலதேவி கண்ணகி கோயிலுக்கு ஏறும் நடைபாதை, வண்டிப்பெரியாறு பக்கம் சத்திரத்திலிருந்து புல்மேடு வழியாகச் சபரிமலைக்குப் போகும் பாதை போன்றவை. வெள்ளியங்கிரிக்காரர்களுக்கும் அகத்தியர்கூடம் போகிறவர்களுக்கும் கணக்கு பெரிதாக மாறாது. எல்லாமே வனத்துறையின் காடு. அவர்கள் அனுமதியோடு, அவர்கள் ஆள் முன்னே நடக்க, அவர்கள் சொன்ன நேரத்துக்குள் போய் வர வேண்டும். மங்கலதேவி பெரியாறு புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிறது. பக்தர்களுக்கு வருஷத்தில் சித்ரா பௌர்ணமி ஒரு நாள்தான் வழி திறக்கும், மாலைக்குள் எல்லோரும் இறங்கிவிட வேண்டும். மிச்சத்தை மறுநாள் போய் எடுத்துக்கொள்ளலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை. ஒரே நடையில் எவ்வளவு இறக்க முடியும் என்பதை ஆள் பலத்தைவிடப் பைதான் தீர்மானிக்கும்.

முதலில் சுமையைப் பாருங்கள்

கடையில் போய் நின்றதும் 'எத்தனை லிட்டர் பை வேண்டும்?' என்று கேட்பார்கள். குப்பைக்கு அந்தக் கேள்வி பாதிக்குத்தான் உதவும். மலைப்பாதைக் குப்பை இரண்டு விதம். ஒன்று இடத்தை அடைக்கும், கனக்காது. இன்னொன்று கனக்கும், இடம் கேட்காது.

ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் காலியாக இருபது, இருபத்தைந்து கிராம்தான். மூடியைத் திறந்து, முறுக்கி நசுக்கி, காற்று திரும்ப ஏறாமல் மூடியை மறுபடி இறுக்கிவிட்டால் நான்கில் ஒரு பங்கு இடத்தில் அடங்கிவிடும். அப்படி நசுக்கிய நூறு பாட்டிலைக் கட்டினாலும் இரண்டரை கிலோவைத் தாண்டாது, ஆனால் மூட்டை முப்பது லிட்டருக்கு உப்பிவிடும். நசுக்காமல் போட்டால் அதே நூறு பாட்டிலுக்கு உலகத்தில் எந்தப் பையும் போதாது. 45 கிலோ யூரியா சாக்கு அறுபது லிட்டருக்கு மேல் கொள்ளும். இந்த வகைக் குப்பைக்கு அதுவே நல்ல உறை.

கண்ணாடி வேறு சங்கதி. 650 மில்லி பீர் பாட்டில் ஒன்று காலியாகவே அரை கிலோவுக்குச் சற்றுக் குறைவு. இருபது பாட்டில் சேர்ந்தால் ஒன்பது, பத்துக் கிலோ. உடைந்து கிடந்தால் இன்னும் மோசம்: சின்ன இடத்தில் நிறையக் கனம், அதோடு எல்லாப் பக்கமும் முனை.

மூன்றாவதாக ஈரத்துணி. கோயில் பாதைகளில் வேட்டி, துண்டு, உள்ளாடை என்று கழற்றிப் போட்டுவிட்டுப் போவது வழக்கமாகிவிட்டது. மழையிலோ ஓடையிலோ நனைந்து கிடக்கும் பருத்தித்துணி காய்ந்த எடையைப் போல இரண்டு மூன்று மடங்கு கனக்கும். பிழிந்துவிட்டுத்தான் பையில் வைக்க வேண்டும். இதைச் செய்யாமல் மூட்டை கட்டியவர்கள் பாதி வழியில் பிரித்துப் பிழிவார்கள்.

ஆக, வேண்டிய பை லேசான பெரிய மூட்டையையும் கண்ணாடி அடைத்த கனமான சின்ன டின்னையும் ஒரே நேரத்தில், தனித்தனியாக, ஆடாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். சாதாரண மலையேற்றப் பை இதற்காகத் தைக்கப்பட்டதில்லை. அது தூங்கும் பையையும் மாற்றுத்துணியையும் மனதில் வைத்துத் தைத்தது.

கொம்பு பொறுக்குகிறவர்களின் பை

வட அமெரிக்காவில் எல்க் முதலான மான்கள் உதிர்த்த கொம்புகளைத் தேடி மலை மலையாக அலைந்து பொறுக்கி வருவது ஒரு பெரிய பொழுதுபோக்கு. நன்கு வளர்ந்த எல்க்கின் ஒற்றைக் கொம்பே மூன்று நான்கு கிலோ வரும். கிளை கிளையாக விரிந்து எந்தப் பைக்குள்ளும் அடங்காது. அதனால் அங்கே ஒரு வகைப் பை வழக்கத்துக்கு வந்திருக்கிறது. முதுகில் விறைப்பான ஃபிரேம். ஃபிரேமின் அடியில் ஒரு சின்னத் தட்டு. பை ஃபிரேமோடு நிரந்தரமாக ஒட்டியிருக்காது, வார்களைத் தளர்த்தினால் பின்னால் விலகும். அந்த இடைவெளியில் கொம்பைச் செருகி, முனைகள் முதுகுக்கு எதிர்ப்பக்கம் பார்க்க வைத்து, பையைத் திரும்ப இழுத்துக் கட்டுவார்கள். கனமானது முதுகை ஒட்டி, லேசானது வெளியே. நமக்குத் தேவையான அமைப்பு அப்படியே இதுதான்.

அமைப்பைத்தான் எடுத்துக்கொள்கிறோம், வேலையை இல்லை. நம் காட்டில் துப்புரவு செய்யும்போது கடமான், புள்ளிமான் உதிர்த்த கொம்பு கண்ணில் படும். அதைத் தொடக் கூடாது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தானாக உதிர்ந்த கொம்பையும் விட்டுவைக்கவில்லை. வீட்டில் வைத்திருந்தாலே வழக்கு. முள்ளம்பன்றி சுண்ணாம்புச் சத்துக்காக அதைக் கடித்துத் தின்னும், அது காட்டின் கணக்கு. உடன் வரும் வனக்காவலரிடம் இடத்தைக் காட்டிவிட்டு நடையைக் கட்டுங்கள்.

ஃபிரேம்

பத்துக் கிலோவுக்கு மேல் தூக்குவதென்றால் ஃபிரேம் கட்டாயம். காரணம் எளிது: துணி வளையும், கனம் வளைந்த இடத்தில் தொங்கும், தொங்கியது முழுவதும் தோளில் இறங்கும். கனத்தைத் தோளிலிருந்து இடுப்புக்கு இறக்க நடுவில் விறைப்பாக ஏதாவது ஒன்று வேண்டும்.

கடைப் பைகளில் இரண்டு விதம் கிடைக்கும். உள்ளே ஒன்றோ இரண்டோ அலுமினியப் பட்டை, கூடவே ஒரு பிளாஸ்டிக் பலகை வைத்துத் தைத்தவை ஒன்று. வெளியே குழாய் தெரிகிற, ஏணி போன்ற ஃபிரேமில் பையைத் தொங்கவிட்டவை மற்றொன்று. முதல் வகை உடம்போடு ஒட்டும், ஏறி இறங்க வசதி. சுமாராகப் பதினைந்து கிலோ வரை தாங்கும். இரண்டாவது கொஞ்சம் முரடு, ஆனால் எந்த வடிவச் சுமையையும் கட்டலாம். குப்பைக்கு இரண்டாவதுதான் சரி. நம் ஊர்க் கடைகளில் அது அதிகம் கிடைப்பதில்லை, பழைய ராணுவச் சாமான் விற்கும் இடங்களில் எப்போதாவது அகப்படும். உள் ஃபிரேம் பைதான் கிடைத்தது என்றால், பக்கவாட்டில் மேலும் கீழும் இறுக்கு வார் உள்ளதாக, முன்பக்கமும் ஜிப்பு வைத்துத் திறப்பதாகப் பார்த்து வாங்குங்கள். மேல்வாய் மட்டும் உள்ள பையில் அடியில் போன கண்ணாடி டின்னை எடுக்க மொத்தத்தையும் கொட்ட வேண்டும்.

கடையில் சோதிக்க: பையின் மேல் விளிம்பையும் அடியையும் இரண்டு கையால் பிடித்து மடக்கிப் பாருங்கள். முழங்காலில் வைத்து லேசாக அழுத்தினாலே மடிந்தால் அதற்குள் இருப்பது ஃபிரேம் இல்லை, அட்டை. 'காற்றோட்டம்' என்று சொல்லி முதுகுக்கும் பைக்கும் நடுவே வலை கட்டி வில்லாக வளைத்த பைகளைத் தவிர்ப்பது நல்லது. வேர்க்காது, உண்மைதான். ஆனால் அந்த நான்கைந்து சென்டிமீட்டர் இடைவெளி கனத்தை முதுகிலிருந்து தள்ளி வைக்கிறது. இறங்கும்போது பை பின்னுக்கு இழுத்துக்கொண்டே இருக்கும்.

ஊரிலேயே செய்துகொள்ளலாம்

கம்பத்திலோ போடியிலோ ஒரு வெல்டிங் பட்டறையும் ஒரு பை தைக்கும் கடையும் இருந்தால் வெளிநாட்டுப் பைக்குக் காத்திருக்க வேண்டாம்.

முக்கால் அங்குலச் சதுர இரும்புக் குழாய், 1.2 மில்லி கனம். நிமிர்ந்த கால்கள் இரண்டு, ஒவ்வொன்றும் 70 சென்டிமீட்டர். குறுக்குச் சட்டம் மூன்று, 32 சென்டிமீட்டர். அடியில் தட்டுக்கு 20 சென்டிமீட்டர் நீட்டிய இரண்டு கை, அவற்றை இணைக்க இன்னொரு 32 சென்டிமீட்டர் துண்டு. மொத்தம் மூன்றேகால் மீட்டருக்குக் கொஞ்சம் குறைவாகக் குழாய் போகும், எடை இரண்டு கிலோவைச் சற்றுத் தாண்டும். ஒன்றரை மில்லி கனமுள்ள ஓரங்குல அலுமினியக் குழாயில் செய்தால் ஏறத்தாழ ஒரு கிலோ. ஆனால் அலுமினியத்தைச் சாதாரண வெல்டிங்கில் ஒட்ட முடியாது. ஆர்கான் வெல்டிங் உள்ள பட்டறை வேண்டும், இல்லையென்றால் மூலைக்கு மூலை தகடு வைத்து போல்ட் போட வேண்டும். போல்ட் போட்டால் ஆட்டத்தில் கழன்றுவிடாதபடி நைலாக் நட்டு கேளுங்கள். குழாயின் திறந்த முனைகளை ரப்பர் மூடி வைத்து அடைத்துவிடுங்கள், மழைநீர் உள்ளே தங்கி அரிக்காது.

தட்டு ஃபிரேமோடு தொண்ணூறு டிகிரியில் நின்றால் போதாது. நுனி ஒரு விரல்கடை உயர்ந்து, சுமை முதுகுப் பக்கம் சாய்கிற மாதிரி வைக்கச் சொல்லுங்கள். தட்டையாக வைத்த ஃபிரேமில் டின் இறக்கத்தில் மெல்ல மெல்ல வெளியே நகரும். மடக்குத் தட்டு பார்க்க அழகாக இருக்கும். கீல் ஆடத் தொடங்கினால் எல்லாம் ஆடும், வேண்டாம்.

முதுகு படும் இடத்தில் குழாய் நேரடியாக உறுத்தக் கூடாது. நான்கு அங்குல அகல நாடாவை இரண்டு இடத்தில், ஒன்று தோள்பட்டை எலும்பின் மட்டத்தில், ஒன்று இடுப்புக்குச் சற்று மேலே, கால்களுக்குக் குறுக்கே விறைக்க இழுத்துக் கட்டினால் முதுகு அதில் சாயும். கட்டில் நாடாவே போதும். மாதம் ஒரு முறை இறுக்க வேண்டியிருக்கும்.

தையற்காரரிடம் இரண்டே நிபந்தனை. பருத்தி நூல் கூடாது, நைலான் அல்லது பாலியஸ்டர் நூல் வேண்டும். பருத்தி ஈரத்தில் இற்றுப்போகும். தோள்வார் ஃபிரேமில் சேரும் இடத்தில் ஒரே கோடாகத் தைக்காமல் சதுரம் போட்டு, உள்ளே பெருக்கல் குறியாகத் தைக்க வேண்டும். முதலில் பிய்வது அந்த இடம்தான்.

இடுப்பு பெல்ட்டும் முதுகு அளவும்

பையின் உயிர் இடுப்பு பெல்ட்டில் இருக்கிறது. சரியாகக் கட்டினால் கனத்தில் பெரும்பங்கை இடுப்பெலும்பே வாங்கிக்கொள்ளும், தோள்வார் பையை முதுகோடு சேர்த்துப் பிடிக்கும், அவ்வளவுதான். வெறும் நாடா மட்டும் உள்ள பெல்ட் பெயருக்கு பெல்ட். பத்துப் பன்னிரண்டு சென்டிமீட்டர் அகலத்துக்கு மெத்தை வேண்டும். மெத்தை கிள்ளினால் அமுங்கிப்போகிற பஞ்சாக இருக்கக் கூடாது, யோகா விரிப்பு போலக் கெட்டியாக இருக்க வேண்டும். இரண்டு பக்கமும் முன்னிடுப்பு எலும்பைத் தாண்டி மெத்தை வந்து, நடுவில் நாலு விரல் இடைவெளி விட வேண்டும். இடைவெளியே இல்லாமல் முட்டிக்கொண்டால் மேற்கொண்டு இறுக்க வழியில்லை, அந்த பெல்ட் உங்களுக்குப் பெரிது.

முதுகு அளவு எடுப்பது ஆளின் உயரத்தைக் கேட்பதல்ல. தலையைக் குனிந்தால் பின்கழுத்தின் அடியில் ஒரு எலும்பு துருத்தும். கைகளை இடுப்பில் வைத்தால் கட்டைவிரல்கள் பின்னால் ஒன்றையொன்று பார்க்கும். அந்த மட்டம்தான் இடுப்பெலும்பின் மேல்விளிம்பு. இரண்டுக்கும் நடுவே முதுகின் வளைவோடு டேப் வைத்து அளக்க வேண்டும். பெரும்பாலானவர்களுக்கு 40 முதல் 53 சென்டிமீட்டருக்குள் வரும். ஐந்தரை அடி ஆள் இருவருக்கு நாலைந்து சென்டிமீட்டர் வித்தியாசம் இருப்பது சாதாரணம். குழுவுக்கு ஒரே பையை வாங்கி ஆளாளுக்கு மாற்றித் தூக்குவதென்றால், முதுகு அளவை ஏற்றி இறக்கும் வசதி உள்ளதாகப் பாருங்கள். பெண்களுக்கு ஆண் அளவுப் பையைக் கொடுத்துவிட்டு 'தூக்க முடியவில்லை' என்று சொல்லும் குழுக்கள் உண்டு. முதுகு குட்டையானவருக்கு நீளப் பையை மாட்டினால் பெல்ட் தொடையில் உட்காரும், யாரால்தான் தூக்க முடியும்?

மாட்டும் வரிசை முக்கியம். எல்லா வாரையும் தளர்த்திவிட்டு மாட்டி, கொஞ்சம் முன்னால் குனிந்து, பெல்ட்டின் நடுப்பகுதி இடுப்பெலும்பு விளிம்பின் மேல் அமர்கிற மாதிரி வைத்து முதலில் பெல்ட்டை இறுக்குங்கள். பிறகு தோள்வார், ஒட்டுகிற அளவுக்கு மட்டும். பிறகு தோளுக்கு மேலே பையின் தலைப்பக்கம் போகிற சின்ன வார். பக்கத்திலிருந்து பார்த்தால் அது சுமார் 45 டிகிரி சாய்ந்திருக்க வேண்டும். கடைசியில் நெஞ்சு வார். நடக்க ஆரம்பித்து அரைமணியில் விரல் மரத்தாலோ கை கூச்செடுத்தாலோ, தோள்வார் நரம்பை அழுத்துகிறது, பெல்ட் நழுவியிருக்கிறது என்று அர்த்தம். பொறுத்துக்கொண்டு நடக்காமல் நின்று மறுபடி பெல்ட்டிலிருந்து தொடங்குங்கள்.

துணி, ஜிப்பு, பக்கிள்

லேசான பயணப் பைகளில் வரும் 100, 210 டீனியர் (நூலின் தடிமன் அளவு) நைலான் உண்ணிச்செடிக்கும் பாறைக்கும் ஒரு நாள் தாங்காது. உடம்புக்கு 420க்குக் குறையாமல், அடிப்பாகத்துக்கு 1000 டீனியர் வரை இருப்பது நல்லது. மழைக்குத் தாங்கும் என்று சொல்லும் பையில் உள்பக்கப் பூச்சு இருக்கும். குப்பைச்சாறு உள்ளே கசிந்தால் அது வெளியேயும் போகாது, நாறிக்கொண்டு கிடக்கும். அதனால் பை எதுவாக இருந்தாலும் உள்ளே கெட்டிச் சாக்கு உறை போட்டே தீர வேண்டும்.

பெல்ட் பக்கிள் பெரிதாக, ஒரே அழுத்தில் கழல்வதாக இருக்கட்டும். வயநாட்டிலிருந்து அகத்தியர் மலை வரை யானைக்காடு. யானை எதிர்ப்பட்டால் பத்துக் கிலோவோடு ஓட முடியாது, பையை விட்டுவிட வேண்டும். பலருக்கு அந்த நேரத்தில் பெல்ட் நினைவுக்கு வரும், நெஞ்சு வார் வராது. புறப்படும் முன் கண்ணை மூடிக்கொண்டு இரண்டையும் கழற்றிப் பழகுங்கள். ஓடையைக் கடக்கும்போது இரண்டையும் முன்கூட்டியே கழற்றி வைப்பதும் இதே காரணத்துக்காகத்தான். தடுக்கி விழுந்தால் பை தண்ணீரோடு ஆளையும் சேர்த்து அமுக்கிவிடும்.

கட்டும் முறை

கண்ணாடிக்கு முதலில் கெட்டிக் கலம். பெயிண்ட் வாளி எல்லோருக்கும் கைக்கு எட்டும், ஆனால் வட்டமானது ஃபிரேமில் உருளும். 20 லிட்டர் வாளி முப்பது சென்டிமீட்டர் பின்னால் நீட்டிக்கொண்டும் நிற்கும். 15 கிலோ எண்ணெய் டின் சதுரம், அகலம் இருபத்துமூன்று சொச்சம், உயரம் 35 சென்டிமீட்டர். தட்டையான பக்கம் ஃபிரேமில் அப்படியே ஒட்டும். மேல்தகட்டை வெட்டி விளிம்பை உள்பக்கம் மடித்துத் தட்டிவிட்டால் பீர் பாட்டில் எட்டு ஒன்பது நிமிர்ந்து நிற்கும். இடுக்கில் பிழிந்த துணியைத் திணித்தால் சத்தமும் இல்லை, உடையவும் உடையாது. சத்தம் அற்ப விஷயமாகத் தோன்றலாம். முதுகில் கடகடவென்று டின் அதிர்ந்துகொண்டிருந்தால் யானை மூங்கிலை முறிக்கிற ஓசை காதில் விழாது. சதுர பிளாஸ்டிக் கேன் கிடைத்தால் டின்னைவிட மேல், வெட்டிய விளிம்பு கையைக் கிழிக்காது.

உடைந்த சில்லுகள் வேறு கலத்தில், மூடியோடு. ஐந்து லிட்டர் எண்ணெய் கேனின் தோள்பக்கத்தை வெட்டி வாயை அகலமாக்கினால் போதும். நிறைந்ததும் வாயில் அட்டை வைத்து டேப் சுற்றிவிடுங்கள். முக்கால் பங்குக்கு மேல் நிரப்ப வேண்டாம். சில்லு குலுங்கக் குலுங்கப் படியும், படியும்போது மேலே உள்ளது துருத்தும். காலில் காயம் பட்டால் யானைக்கும் அது சாதாரணக் காயம் இல்லை என்பதால் பாட்டிலைவிடச் சில்லு முதலில் இறங்க வேண்டும்; பை நிறைந்துவிட்டதென்று விடுவதானால் முழுப் பாட்டிலை விட்டுவிட்டு, இடத்தை வனத்துறை ஆளிடம் சொல்லுங்கள்.

இனி ஏற்றுவது. டின்னும் கேனும் தட்டில், ஃபிரேமை ஒட்டி. கனத்தின் நடுப்புள்ளி தோள்பட்டை எலும்புகளுக்குச் சற்றுக் கீழே, முதுகின் நடுவில் நிற்க வேண்டும். சமதரையில் இன்னும் உயர்த்தி வைத்தால் நடை எளிது. பளியன்குடி மாதிரி செங்குத்து இறக்கத்தில் உயரத்தில் வைத்த கனம் ஆளை முன்னால் தள்ளும், கொஞ்சம் தாழ்ந்திருப்பதே நல்லது. அடியோடு தாழ்ந்து இடுப்புக்குக் கீழே போய்விட்டால் பின்னுக்கு இழுக்கும். தட்டு தாழ்வாக இருந்தால் டின்னுக்கு அடியில் துணி மூட்டையை வைத்து உயர்த்திக்கொள்ளலாம்.

அதற்கு வெளியே பிளாஸ்டிக் மூட்டை. லேசானது என்பதால் பின்னால் நீட்டிக்கொண்டிருந்தாலும் பாதகமில்லை, அகலம் மட்டும் முழங்கைகளைத் தாண்டக் கூடாது, உயரம் தலையைத் தாண்டக் கூடாது. தாண்டினால் உண்ணிச்செடி பிடித்து இழுக்கும். அவசரத்தில் பலர் மூட்டையை உள்ளே வைத்து டின்னை வெளியே கட்டுவார்கள், ஏனென்றால் மூட்டை முதுகுக்கு மெத்தென்று இருக்கிறது. அதே பத்துக் கிலோ அப்போது பதினைந்து போலத் தெரியும்.

கட்டுவதற்கு நாடா வார் இரண்டு, குறுக்கே. கயிறு ஒன்று, நெடுக்கே. கயிற்றில் லாரிக்காரர்கள் தார்ப்பாய் கட்டும்போது கண் வைத்து இழுத்து இறுக்குவார்களே, அந்த முடிச்சு. சைக்கிள் டியூப் எல்லோருக்கும் பிடிக்கும், ஆனால் ரப்பர் கனத்தோடு சேர்ந்து துள்ளும். மூட்டைக்குப் போடுங்கள், டின்னுக்குப் போடாதீர்கள். கட்டி முடித்ததும் ஃபிரேமைப் பிடித்து இருபுறமும் உலுக்குங்கள். ஃபிரேம் நின்ற பிறகும் சுமை ஆடினால் மறுபடி கட்டுங்கள். பத்து நிமிடம் நடந்ததும் ஒரு முறை நின்று இறுக்குங்கள், பிளாஸ்டிக் மூட்டை அதற்குள் கட்டாயம் அமுங்கியிருக்கும்.

எடை: உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கு வசதி, நாலில் ஒரு பங்கு எல்லை. அறுபது கிலோ ஆளுக்குப் பன்னிரண்டு, மிஞ்சினால் பதினைந்து, அதுவும் ஃபிரேமோடு சேர்த்து. கண் மதிப்பை நம்ப வேண்டாம். ஐம்பது கிலோ வரை காட்டும் சின்னத் தொங்கு தராசு ஒன்று குழுவில் இருந்தால் 'இன்னும் கொஞ்சம்' என்கிற வீராப்பு தானாக அடங்கும். இறக்கத்தில் முழங்கால்தான் விலை கொடுக்கும், அதனால் கையில் ஒரு கம்பு கட்டாயம்.

வாங்கும் முன் கடைக்கு இரண்டு ஐந்து கிலோ அரிசிப் பையை எடுத்துப் போங்கள். கடைக்காரர் சிரித்தால் சிரிக்கட்டும். அரிசியை முதுகை ஒட்டி வைத்து, வரிசையாக வார்களை இறுக்கி, மாடிப்படி பத்து நிமிடம் ஏறி இறங்குங்கள். பெல்ட் வழுக்கி இறங்குகிறதா, வார் தானாகத் தளர்கிறதா என்று பாருங்கள். சின்ன வழுவழுப்பான பக்கிளில் நாடா நழுவுவது பரவலான குறை, அது வீட்டுக்கு வந்தபின் சரியாகாது.

கீழே வந்த பிறகு

இறக்கியதை அடிவாரத்தில் குவித்துவிட்டுப் போனால் இரவே பன்றியும் குரங்கும் திரும்பக் காட்டுக்கு இழுத்துப் போய்விடும். யாரிடம் ஒப்படைப்பது என்பதை ஏறும் முன்பே பேசி வையுங்கள். கேரளப் பக்கம் பஞ்சாயத்தின் குப்பை சேகரிக்கும் குழுவான ஹரித கர்ம சேனா, நம் பக்கம் ஊராட்சித் தூய்மைக் காவலர்கள். பிளாஸ்டிக், கண்ணாடி, துணி என்று மூன்றாகப் பிரித்துக் கொடுத்தால் வாங்கிக்கொள்வார்கள். சேர்த்துக் கட்டிய மூட்டையை யாரும் பிரிக்க மாட்டார்கள். டாஸ்மாக் பாட்டிலில் பத்து ரூபாய்த் திட்டத்தின் ஒட்டு இருந்தால் தனியே வையுங்கள். 2022இல் நீலகிரியில் தொடங்கிய அந்தத் திட்டம் பிறகு வேறு மாவட்டங்களுக்கும் போனது, திட்டம் உள்ள இடத்தில் காலிப் பாட்டிலுக்கு அந்தப் பணம் கிடைக்கும்.

பையை அன்றைக்கே அலசுங்கள். உறையைக் கழற்றி, ஃபிரேமையும் நாடாவையும் சோப்புத் தண்ணீரில் கழுவி நிழலில் காயவிடுங்கள். நைலான் வெயிலில் கிடந்தால் வலு குறையும். வாரின் மடிப்புகளை விரித்துப் பாருங்கள், அட்டைப்பூச்சி இருந்தாலும் அங்கேதான் இருக்கும், கண்ணாடித் துணுக்கு இருந்தாலும் அங்கேதான் இருக்கும். காய்ந்ததும் தோள்வார்த் தையல், வெல்டிங் மூலைகள், போல்ட் மூன்றையும் விரலால் தடவிச் சோதித்து, தளர்ந்த நட்டை அப்போதே முடுக்கி வைத்துவிடுங்கள்.